என் பையன் தானாவே அவுட்னு நடந்து வந்துட்டான். உண்மையான ஜென்டில்மேன்னா யாருங்க?

#1 ஓப்பனர்_அப்பா (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. மூணு நாளா மனசுல கிடந்து உறுத்துது, அதான் இங்க கேட்கிறேன்.

என் பையனுக்கு 13 வயசு. பள்ளி அணியில ஓப்பனர். போன சனிக்கிழமை நாக் அவுட் மேட்ச். 125 அடிக்கணும், இவன் 31 எடுத்து நல்லா செட் ஆகி நிக்கிறான். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போன பந்தைத் தட்டப் பார்த்தான், கீப்பர் பிடிச்சான். பந்து போட்ட பையனே முழுசா அப்பீல் கேட்கல, பாதியிலயே குரல் இறங்கிடுச்சு. அம்பயர் தலையாட்டி, அவுட் இல்லைன்னுட்டார். இவன் ஒரு தடவை பேட்டோட ஓரத்தைப் பார்த்தான். அப்புறம் கிளவுஸைக் கழட்டிக்கிட்டே நடக்க ஆரம்பிச்சுட்டான். அணி 9 ரன்ல தோத்துடுச்சு.

கோச் எல்லார் முன்னாடியும் வச்சுக் கேட்டார்: "ஜென்டில்மேன்னு பேர் வாங்கி என்னடா பண்ணப் போற? அதை எந்த செலக்டர்கிட்ட கொண்டுபோய்க் காட்டுவ?"

இதே கோச், வெள்ளைச் சட்டை இஸ்திரி போடாம வந்தா கிரவுண்டை நாலு சுத்து ஓட விடுவார். ஷூவுக்கு வெள்ளை அடிக்காம வரக்கூடாது. "பார்த்ததுமே ஜென்டில்மேன் மாதிரி இருக்கணும்"னு வாராவாரம் சொல்றவர். அன்னைக்கு ராத்திரி சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டே பையன் கேட்டான்: "பார்க்க மட்டும் இருந்தா போதுமாப்பா?"

எனக்குப் பதில் வரல. நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?

#2 லெக்பிரேக்_23

அண்ணா, தம்பி மனசு தங்கம். ஆனா கோச் பேச்சுலயும் நியாயம் இருக்கு. முடிவு சொல்றதுக்குத்தான் அம்பயர் நிக்கிறார். தொடாத பந்துக்கு அவர் அவுட் கொடுத்தா நாம வாயை மூடிட்டு வெளியே வரோம்ல? அப்போ தொட்ட பந்துக்கு அவுட் இல்லைன்னா நின்னு ஆடறதும் அதே கணக்குதான். ரெண்டும் சேர்ந்து சரியாப் போயிடும். அம்பயர் சொன்னதை ஏத்துக்கிட்டு ஆடறவனும் ஜென்டில்மேன்தான்னு நான் நினைக்கிறேன்.

#3 வான்கடே_நினைவுகள்

இந்தக் கேள்வி வந்தாலே எனக்கு ஜி. ஆர். விஸ்வநாத் ஞாபகம்தான் வரும். தெரியாத இளைஞர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1980 பிப்ரவரி, பம்பாய் வான்கடே. கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழா டெஸ்ட், எதிரணி இங்கிலாந்து. முழுச் சூரிய கிரகணம் வந்ததால் அந்த நாளையே ஓய்வு நாளாக்கி ஆடிய மேட்ச் அது. கவாஸ்கருக்குப் பதிலாக விஸ்வநாத் கேப்டன். அவர் வாழ்நாளில் கேப்டனாக ஆடியதே இரண்டு டெஸ்டுகள்தான், அதில் இது இரண்டாவது.

இந்தியா 242. இங்கிலாந்து 58 ரன்னுக்கு 5 விக்கெட்டை இழந்து தடுமாறிக்கொண்டிருந்தது. போத்தமும் கீப்பர் பாப் டெய்லரும் சேர்ந்து ஆடும்போது, கபில் பந்தில் டெய்லருக்குக் கீப்பர் கேட்ச் அப்பீல். அம்பயர் விரலைத் தூக்கிவிட்டார். டெய்லர் நகரவில்லை, திகைத்து நிற்கிறார். முதல் ஸ்லிப்பில் நின்ற விஸ்வநாத்துக்குப் பந்து பேட்டில் படவில்லை என்று தெரியும். நேராக அம்பயரிடம் போய், அப்பீலைத் திரும்ப எடுத்துக்கொண்டு, டெய்லரை மறுபடி ஆட வைத்தார்.

அந்த ஜோடி 171 ரன் சேர்த்தது. டெய்லர் 43, போத்தம் 114. போத்தம் அந்த ஒரே மேட்சில் 13 விக்கெட்டும் எடுத்தார். இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது.

லெக்பிரேக் தம்பி, நீங்கள் சொன்ன கணக்குப்படி விஸ்வநாத் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. விதி அவர் பக்கம், அம்பயர் அவர் பக்கம், அரங்கமே அவர் பக்கம். சும்மா நின்றிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆளைப் பார்த்தாலும் கம்பீரமான உருவம் கிடையாது, வேகப்பந்து வீச்சாளர்கள் பக்கத்தில் நின்றால் தோளுக்குக் கீழே இருப்பார். ஐந்து வருஷம் முன்னால் அதே ஆள் சேப்பாக்கத்தில் ஆண்டி ராபர்ட்ஸை எதிர்கொண்டு, மொத்தம் 190 எடுத்த இன்னிங்சில் தனியாக 97 நாட் அவுட் எடுத்தார். ராபர்ட்ஸுக்கு அந்த இன்னிங்சில் 7 விக்கெட். எதிராளியை மதிப்பவன் சண்டை போடத் தெரியாதவன் என்று யாராவது சொன்னால் அந்த 97ஐப் பார்க்கச் சொல்லுங்கள்.

#4 லெக்பிரேக்_23

அய்யா, அருமையா எழுதியிருக்கீங்க. ஆனாலும் ஒரு நெருடல். கேப்டன் நல்லவரா இருந்ததுக்கு மத்த பத்து பேரும் சேர்ந்துதானே தோத்தாங்க? அவங்க உழைப்பு? அந்த இடத்துல நான் பௌலரா இருந்தா கோபம் வந்திருக்கும்னு உண்மையாவே தோணுது.

#5 வான்கடே_நினைவுகள்

நியாயமான கேள்விதான், தம்பி. அந்தக் கோபத்தையும் அவர்தான் சுமந்தார். கேப்டன் பொறுப்பில் இருந்தவர், தோல்விக்கும் பெயர் கொடுக்க வேண்டியவர். அதெல்லாம் தெரிந்தே செய்தார் என்பதால்தான் நாற்பது வருஷம் கழித்தும் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். இன்னொன்று. பேட்டில் படாத பந்தில் கிடைத்த விக்கெட், அந்தப் பத்து பேரின் உழைப்பில் எப்படிச் சேரும்?

#6 கவி_டீச்சர்

வகுப்பில் நான் அடிக்கடி சொல்வதை இங்கும் சொல்கிறேன். 'நாகரிகம்' என்றால் இன்று உடை, பேச்சு, ஸ்பூனில் சாப்பிடுவது என்று பொருளாகிவிட்டது. குறளில் அந்தச் சொல் வருவது 'கண்ணோட்டம்' அதிகாரத்தில். கண்முன் நஞ்சை ஊற்றிக் கொடுத்தாலும், கொடுத்தவர் முகம் வாடக்கூடாதே என்று அதை உண்டு அமைபவரே நாகரிகத்தை விரும்புபவர் என்கிறது அந்தக் குறள். பரிமேலழகர் அங்கே 'நாகரிகம்' என்பதற்குக் கண்ணோட்டம் என்றே பொருள் சொல்லி, நற்றிணையின் 'நனி நாகரிகர்' என்ற வரியைச் சான்றாகக் காட்டுகிறார். ஆக, நம் மொழியில் அந்தச் சொல்லுக்குள் முதலில் இருந்தது எதிரே நிற்பவர்மேல் நமக்குள்ள இரக்கம். துணியும் தலைமுடியும் வெகுகாலம் கழித்து வந்து ஒட்டிக்கொண்டவை.

உங்கள் பையனின் கேள்வி மிக நல்ல கேள்வி சார். அவனிடம் இதைச் சொல்லுங்கள்.

#7 மதுரை_மிட்ஆஃப்

'ஜென்டில்மேன் கேம்'னு சொல்றோமே, அந்தப் பேரு எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்தா வயிறு எரியும்.

இங்கிலாந்துல 1806ல இருந்து 1962 வரைக்கும் 'ஜென்டில்மென்' ஒரு அணி, 'பிளேயர்ஸ்' ஒரு அணின்னு மேட்ச் நடத்துனாங்க. காசு வாங்காம ஆடுற பெரிய வீட்டுப் பிள்ளைக ஜென்டில்மென். கூலிக்கு ஆடுறவங்க பிளேயர்ஸ். ஒரே கவுண்டிக்கு ஆடுனாலும் உடை மாத்துற அறை வேற, மைதானத்துக்குள்ள வர்ற வாசல் வேற. ஸ்கோர் கார்டுல ஜென்டில்மேனுக்கு இனிஷியல் முன்னாடி, கூலிக்கு ஆடுறவருக்குப் பின்னாடி. 1950ல லார்ட்ஸ் மைதானத்துல, கூலிக்கு ஆடுன ஃப்ரெட் டிட்மஸ் பேருக்கு முன்னாடி இனிஷியல் அச்சாகிப் போச்சுன்னு ஒலிபெருக்கியில திருத்தம் சொல்லியிருக்காங்க. அந்தப் புள்ளைக்கு அப்ப 17 வயசு.

அந்த ஜென்டில்மென்ல பெரிய தலை டபிள்யூ. ஜி. கிரேஸ். 1882 ஓவல் டெஸ்ட்ல ஆஸ்திரேலியாவோட சாம்மி ஜோன்ஸ், ரன்னை முடிச்சுட்டு பிட்ச்சைத் தட்டிச் சரி பண்ண கிரீஸை விட்டு வெளிய வந்தாரு. கிரேஸ் பெயில்ஸைத் தட்டி அப்பீல் கேட்டு ரன் அவுட் வாங்கிட்டாரு. கொதிச்சுப் போன ஆஸ்திரேலியப் பௌலர் ஸ்போஃபோர்த் அந்த மேட்ச்ல மொத்தம் 14 விக்கெட் எடுக்க, 85 அடிக்க வேண்டிய இங்கிலாந்து 77ல சுருண்டுச்சு. இங்கிலாந்து-ஆஸ்திரேலியா டெஸ்ட் தொடருக்கு ஆஷஸ்ங்கிற பேரு பிறந்ததே அந்தத் தோல்வியிலதான்.

நம்ம நாட்டுக்கு வாங்க. பல்வங்கர் பாலு. தலித் குடும்பம். பூனாவுல மைதானத்துல கூலி வேலை பார்த்துக்கிட்டே பந்து போடக் கத்துக்கிட்ட இடது கை ஸ்பின்னர். வெள்ளை உடுப்புப் போட்டுக்கிட்டு ஒண்ணா ஆடுவாங்க, அவர் எடுத்துக் கொடுக்குற விக்கெட்டுக்குக் கை தட்டுவாங்க. தேநீர் இடைவேளை வந்துட்டா அவருக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளிய, தூக்கிப் போடுற மண் குவளையில. 1911ல இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல எடுத்துட்டு வந்தாரு. அப்படியிருந்தும் இந்துக்கள் அணிக்குக் கேப்டன் பதவி அவருக்குக் கடைசி வரைக்கும் கிடைக்கல. 1923ல தம்பி விட்டலுக்குத்தான் கிடைச்சது.

இப்ப சொல்லுங்க, அந்தப் பெவிலியனுக்குள்ள பீங்கான் கோப்பையில டீ குடிச்சவங்கள்ல ஜென்டில்மேன் எத்தனை பேரு?

#8 யாழ்_காற்று

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதிறன். நீங்கள் எல்லாரும் அடக்கமா இருக்கிறதைப் பற்றித்தான் கதைக்கிறியள். நான் ஒரு கோபத்தைப் பற்றிச் சொல்லுறன்.

எங்கட சுழல்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனுக்குப் பிறவியிலயே முழங்கை முழுசா நிமிராது. 1995 மெல்பேர்ண் டெஸ்டில அம்பயர் டரல் ஹெயர், முரளி பந்தை எறியிறார் எண்டு ஏழு தரம் நோ போல் சொன்னவர். பிறகு 1999 ஜனவரி 23, அடிலெய்ட், இங்கிலாந்தோட ஒருநாள் மட்ச். இந்த முறை அப்பிடிச் சொன்ன அம்பயர் ரொஸ் எமர்சன். எங்கட கப்டன் அர்ஜுன ரணதுங்க விரலை நீட்டிக் கதைச்சு, முழு அணியையும் எல்லைக்கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போட்டார். மட்ச் நிண்டு போச்சு. ரணதுங்க கனவானே இல்லை எண்டு அவையள் எழுதாத எழுத்தில்லை. அண்டைக்கு அந்த மட்சில எங்கட ஆக்கள் செய்த எல்லாம் வடிவெண்டு நானும் சொல்ல மாட்டன்.

ஆனா யோசிச்சுப் பாருங்கோ. ஒரு தமிழ்ப் பெடியனை உலகமே பாக்க எறியிறவன் எண்டு சொல்லேக்க, அவன்ர கப்டன் மரியாதையா கையைக் கட்டிக்கொண்டு நிண்டிருந்தா அவரைக் கனவான் எண்டிருப்பினம். அந்தப் பட்டம் எனக்கு வேண்டாம். தன்ர ஆளை விட்டுக்குடுக்காமல் நிண்ட மனுசன்தான் என்ர கணக்கில பெரிய மனுசன்.

#9 ஸ்கோரர்_தாத்தா

ஓப்பனர் அப்பாவுக்கு ஆசீர்வாதம். நான் சென்னையில லீக் மேட்ச்களுக்கு ரொம்ப வருஷம் ஸ்கோர் எழுதினவன். பெரிய பேர் உள்ளவங்களைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க. நான் யாருக்கும் தெரியாத ஒருத்தரைப் பத்திச் சொல்றேன்.

80கள்ல ஒரு டிவிஷன் மேட்ச். மேட்டிங் விக்கெட், அதாவது பிட்ச் மேல பாய் (மேட்) விரிச்சு ஆணி அடிச்சு ஆடுறது. எதிர் அணி ஒரு கம்பெனி டீம், எல்லாருக்கும் பிளேசர், மதியச் சாப்பாடு வேன்ல வரும். நம்ம ஆள் அச்சகத்துல கம்பாசிட்டர், அச்செழுத்துக் கோக்கிறவர். காலையில எட்டு மணி வரைக்கும் நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு நேரா கிரவுண்டுக்கு வருவார். எத்தனை தடவை துவைச்சாலும் சட்டையோட வலது கை மடிப்புல மை போகாது. கம்பெனி டீம் பசங்க ரெண்டு பேர் அதைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிச்சது என் மேஜை வரைக்கும் கேட்டுச்சு.

கடைசி விக்கெட், 11 ரன் வேணும். பந்து கிளவுஸ்ல உரசி ஷார்ட் லெக் கைக்குப் போச்சு. அம்பயருக்குத் தெரியல, அசையாம நிக்கிறார். நம்ம ஆள் கையைத் தூக்கிக் கிளவுஸைத் தொட்டுக் காட்டிட்டு நடந்துட்டார். அவ்வளவுதான், மேட்ச் முடிஞ்சுது.

நான் சொல்ல வந்தது அதுக்கு அப்புறம் நடந்தது. கூட ஆடினவங்க பேசாம கிட்டைக் கட்டிக்கிட்டு இருந்தாங்க. இவர் பேடைக் கழட்டி வச்சுட்டு, கிரவுண்ட்ஸ்மேனோட சேர்ந்து மேட்டுல அடிச்ச ஆணியை ஒண்ணொண்ணா பிடுங்க உட்கார்ந்துட்டார். அந்த ஆளுக்கு அறுபது வயசு இருக்கும், எல்லாரும் "ஏய்"னுதான் கூப்பிடுவாங்க. இவர் "அண்ணே, அந்தப் பக்கம் நான் பாத்துக்கறேன், நீங்க இந்த முனையைப் பிடிங்க"ன்னார். ரெண்டு பேருமா மேட்டைச் சுருட்டித் தூக்கிட்டுப் போனாங்க. ஆட்டக்காரங்களுக்கு டீ வந்துச்சு. கிரவுண்ட்ஸ்மேனுக்கு எப்பவும் கடைசியில, மிச்சம் இருந்தாத்தான். இவர் தன்னோட கிளாஸை எடுத்துட்டுப் போய் ரோலர் மேல வச்சுட்டு, அவருக்கும் வர்ற வரைக்கும் குடிக்காம நின்னார். அதை யாருக்கும் காட்டுறதுக்காகச் செய்யல. நான் பார்த்ததுகூட அவருக்குத் தெரியாது.

அன்னைக்கு அந்த வேன்ல ஏறிப் போனவங்க சட்டையில ஒரு பொட்டு அழுக்கு கிடையாது.

#10 பாயின்ட்_அக்கா

தாத்தா, படிச்சுட்டுக் கண் கலங்கிடுச்சு.

நான் காலேஜ் டீம்ல ஆடினவ, அதனால ஒரு வார்த்தை. 'ஜென்டில்மேன் கேம்'ங்கிற பேச்சு எங்களை வெளியவே நிக்க வச்சது. லார்ட்ஸ் மைதானம் வச்சிருக்கிற எம்.சி.சி. கிளப்ல பெண்களை உறுப்பினரா சேர்த்ததே 1998லதான். அதே லார்ட்ஸ்ல 2022 செப்டம்பர்ல, பந்து போடுறதுக்கு முன்னாடியே பௌலர் முனையில கிரீஸை விட்டுக் கிளம்பின இங்கிலாந்தோட சார்லி டீனை நம்ம தீப்தி சர்மா ரன் அவுட் பண்ணினாங்க. விதிப்படி சுத்தமான அவுட். ஆனா 'ஸ்பிரிட்' இல்லைன்னு எவ்வளவு ஏச்சு! 1947ல சிட்னியில வினூ மன்கட் இதையே பண்ணினப்போ, எதிரணி கேப்டன் பிராட்மேனே அவர் மேல தப்பில்லைன்னு சொன்னார். அப்படியிருந்தும் 'மன்கடிங்'னு அவர் பேரை ஒரு தப்புக்குப் பேரா வச்சுட்டாங்க. 2022 அக்டோபர்லதான் அந்த அவுட்டை 'நியாயமற்ற ஆட்டம்' விதியில இருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் விதிக்கு மாத்தினாங்க.

நடந்து போற பையனை நான் மதிக்கிறேன், ரொம்பவே. ஆனா ஒருத்தர் தனக்குப் பாதகமா எடுக்கிற முடிவு அது, அதனாலதான் அதுக்கு அழகு. 'நீ ஜென்டில்மேனா நடந்துக்கோ'ன்னு அடுத்தவங்க விட்டுக்கொடுக்கிறதை எதிர்பார்க்கிறது வேற.

#11 லெக்பிரேக்_23

அக்கா கடைசியில சொன்னது எனக்குப் புரியுது. நான் இன்னமும் நடக்க மாட்டேன்னுதான் நினைக்கிறேன், பொய் சொல்ல விரும்பல. ஆனா தாத்தா சொன்ன டீ கிளாஸ் மனசை விட்டுப் போக மாட்டேங்குது. எங்க கிரவுண்ட்ல மேட் விரிக்கிறவர் பேரே எனக்குத் தெரியாது. நாளைக்குக் கேட்கிறேன்.

#12 கேலரி_சத்தம்

யாழ் காற்று சொன்ன அடிலெய்ட் மேட்ச் முடிஞ்சு எட்டாவது நாள், 1999 ஜனவரி 31, நான் சேப்பாக்கத்துல இருந்தேன். பாகிஸ்தானோட டெஸ்ட். 271 வேணும். சச்சின் முதுகு வலியோட 136 அடிச்சுட்டு அவுட் ஆனப்போ 17 ரன்தான் பாக்கி. அடுத்த நாலு ரன்ல மீதி மூணு விக்கெட்டும் போச்சு. 12 ரன்ல தோல்வி. கொஞ்ச நேரம் யாருக்கும் மூச்சே வரல. எனக்குப் பக்கத்துல இருந்த பெரியவர் துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டு எழுந்து நின்னு கை தட்ட ஆரம்பிச்சார். ஒவ்வொரு வரிசையா எழுந்துச்சு. பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுத்தி ஓடி வந்து நன்றி சொன்னாங்க. அந்தக் கூட்டத்துல பாதிப் பேர் லுங்கியும் பனியனும்தான்.

#13 ஓப்பனர்_அப்பா

எல்லாருக்கும் நன்றி. ராத்திரி உட்கார்ந்து பையனுக்கு இதையெல்லாம் படிச்சுக் காட்டினேன். பாலு கதையில மண் குவளை வந்த இடத்துல "அப்புறமும் ஏன்பா அவங்களுக்காக ஆடினார்?"னு கேட்டான்.

இன்னைக்குக் கோச்சைப் போய்ப் பார்த்தேன். சண்டை போடத்தான் போனேன். ஸ்டம்ப்ஸைப் பையில அடுக்கிக்கிட்டே சொன்னார்: "சார், நானும் 19 வயசுல நடந்திருக்கேன். பெரிய டீமுக்கு ஆள் எடுக்கிறவங்க உட்கார்ந்து பார்த்த மேட்ச் அது. 12 ரன். ஸ்கோர் ஷீட்ல 'தானா நடந்து போனான்'னு எழுத மாட்டாங்க சார், கீப்பர் கேட்ச், 12ன்னுதான் எழுதுவாங்க. அதுக்கப்புறம் என்னை யாரும் கூப்பிடல. உங்க பையனுக்கு அது வரக்கூடாதுன்னுதான் கத்தினேன்."

என் கோபமெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. அந்த மனுஷனுக்கு என்ன பதில் சொல்றது? எல்லார் முன்னாடியும் திட்டாதீங்கன்னு மட்டும் கேட்டுக்கிட்டு வந்தேன்.

#14 ஸ்கோரர்_தாத்தா

உங்க கோச் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. ஸ்கோர் புக்ல அதுக்குக் கட்டம் கிடையாது. எனக்கும் அது ரொம்ப நாள் உறுத்தல்தான். அதனால கிளப்புக்குக் கொடுக்கிற புக் போக, வீட்டுக்கு எடுத்துட்டு வர்ற என் சொந்தப் பிரதியில ஒரு பழக்கம் வச்சிருந்தேன். அம்பயர் கை தூக்காம தானா போனவங்க பேருக்கு எதிரா, மார்ஜின்ல பென்சிலால ஒரு சின்னப் புள்ளி. யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்தக் கம்பாசிட்டர் பேருக்கு எதிரா நாலு இடத்துல இருக்கு. அந்த புக்கெல்லாம் இன்னமும் டிரங்குப் பெட்டியில பத்திரமா இருக்கு.

உங்க கோச் 12 ரன்ல நடந்த மேட்ச்சுக்கு நான் எழுதியிருந்தா அவருக்கும் ஒரு புள்ளி வச்சிருப்பேன்னு சொல்லுங்க.

#15 ஓப்பனர்_அப்பா

ரெண்டு வாரம் கழிச்சு வரேன், மன்னிக்கணும்.

தாத்தா சொன்னதைக் கோச்சுக்குப் போன்லயே படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, "சரிங்க சார்"னு வச்சுட்டார். அடுத்த பிராக்டிஸ்ல பசங்களை வட்டமா நிக்க வச்சு, "அன்னைக்கு இவனை நான் கத்தினது தப்பு"ன்னு சொல்லியிருக்கார். நடக்கலாமா கூடாதான்னு அதைப் பத்தி ஒரு வார்த்தையும் சொல்லலையாம்.

பையன் என்கிட்ட நாற்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கித் தரச் சொன்னான். கோடு போட்டு, அணிப் பேர், ஆட்டக்காரர் பேர், ரன், ஓரத்துல ஒரு கட்டம்னு அவனே தயார் பண்ணிட்டான்.

போன சனிக்கிழமை நட்பு ஆட்டம். எதிரணியில ஏழாவதா ஒரு குட்டிப் பையன் வந்தான். அண்ணனோட பேன்ட் போல, கீழ ரெண்டு மடிப்பு மடிச்சுவிட்டு, சட்டை மஞ்சளடிச்சுப் போயிருந்தது. மூணாவது பந்து பேட்டைத் தொட்டு எங்க கீப்பர்கிட்ட போச்சு. அம்பயர் பேசாம நிக்கிறார். அந்தக் குழந்தை அம்பயரைப் பார்த்தான், எங்க கீப்பரைப் பார்த்தான், பேட்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுக் கிளம்பிட்டான்.

மேட்ச் முடிஞ்சதும் என் பையன் அந்த அணியோட ஸ்கோரர்கிட்ட போய், அவன் பேரை எழுத்துக் கூட்டிக் கேட்டுட்டு வந்தான். வீட்டுக்கு வர்ற வழியில, ஸ்கூட்டர் பின்னாடி உட்கார்ந்தபடியே, என் முதுகுல நோட்டை வச்சு ஏதோ எழுதுறது தெரிஞ்சுது. சிக்னல்ல நின்னப்போ திரும்பிப் பார்த்தேன். ஓரக் கட்டத்துல பென்சிலால ஒரு புள்ளி.